பால் வார்த்த அயலார்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புத் தேடியோ பணிமாற்றம் பெற்றோ வேற்றூர் செல்லும் குடும்பம் எதுவாயினும், முதல் நாளில் அது கேட்கும் கேள்விகள் இரண்டு. நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்? பால் யார் ஊற்றுவார்கள்? அலுவலகத்திற்கு வழி சொல்லப் பணியாணை உண்டு. பள்ளிக்கு வழி சொல்லப் பெயர்ப்பலகை உண்டு. கறந்த பாலுக்கும் இட்ட முட்டைக்கும் வழி சொல்ல அண்டை வீட்டாரையன்றி யாருமில்லை. ஆகவே, புலம்பெயர்ந்த குடும்பம் புதிய மண்ணோடு கொள்ளும் முதல் உறவு பெரும்பாலும் ஒரு பால்செம்பின் வழியாகவே அமைகின்றது.

வரலாறு என்றவுடன் அரியணையும் போர்க்களமும் நம் நினைவுக்கு வருகின்றன. பால்செம்புக்கும் முட்டைக் கூடைக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கருநாடகத்தின் தென்கோடியில், உதகைக்கும் வயநாட்டுக்கும் சாலைகள் பிரியும் முனையில் அமைந்தது குண்டலுபேட்டை. முன்னர் மைசூர் மாவட்டத்திலும் 1997 முதல் சாமராஜநகர மாவட்டத்திலும் அடங்கிய அவ்வூரில் சில ஆண்டுகள் வாழும் வாய்ப்பு எங்கள் குடும்பத்துக்குக் கிட்டியது. அங்கே நாள்தோறும் எங்கள் வாசலுக்கு வந்த பாலே இவ்வரலாற்றைத் தேடுமாறு எங்களைத் தூண்டியது.

மாதரியின் மனை

புலம்பெயர்ந்தோர் குடும்பங்களுள் தமிழிலக்கியம் அறிந்த தலையாய குடும்பம் கோவலனும் கண்ணகியுமே. புகாரில் பொருளிழந்து மதுரைக்கு நடந்து சென்ற அவ்விருவருக்கும் புகலிடம் தந்தவர் மாளிகைச் செல்வர் அல்லர். கோவலன் வணிகர் குலத்தவன். ஆயினும் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தது மாதரி என்னும் ஆயர்குல முதுமகளிடத்தில். புதிய மனையில் கண்ணகி அடுப்பு மூட்டிய அன்று, காயும் கனியும் அரிசியும் தம் ஆநிரையின் பாற்பயனும் கொண்டுவந்து கொடுத்தவள் அம்மாதரியே. கோவலன் கொலையுண்ட பின்னர், அடைக்கலம் காக்கத் தவறினோமே என்று நொந்து அவள் தீப்புகுந்தாள் என்று காப்பியம் கூறுகின்றது. மோர் விற்கும் பெண்ணொருத்தி அயலூரிலிருந்து வந்த குடும்பத்துக்காகக் கொண்ட பொறுப்பு அத்துணைப் பெரிதாயிருந்தது!

ஆய்மகளிரின் வாணிக முறையைச் சங்க நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை நுட்பமாகக் காட்டுகின்றது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில், விடியற்காலையில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையிற் சுமந்து விற்கச் செல்லும் ஆய்மகள் ஒருத்தி வருகின்றாள். மோருக்கு விலையாகக் கிடைத்த உணவைச் சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கின்றாள். நெய்யை விற்கும்போது அதற்கு ஈடாகப் பொன்னை வாங்காமல், எருமையும் பசுவும் கன்றுமாக வாங்குகின்றாள். பொன் பெட்டிக்குள் உறங்கும். எருமை கன்று ஈனும் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

கோழியும் தமிழர்க்குப் புதியதன்று. சோழர் தலைநகராகிய உறையூருக்கே கோழி என்னும் பெயர் வழங்கியது. ஆயினும் முட்டை நெடுங்காலம் பெருஞ்சந்தைப் பொருளாகாமல், வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுக் காசாகவே இருந்து வந்தது. பால் போல முட்டையும் அரசர் வரலாற்றில் இடம்பெறாமல் அடுக்களை வரலாற்றில் இடம்பெற்ற பொருளே.

கோயிலுக்குச் சென்ற நெய்

பால் எப்போதும் அண்டை வீட்டோடு நின்றுவிடவில்லை. ஆற்றல் மிக்க அமைப்பு எது தோன்றினும் அது பாலைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இதற்குத் தக்க சான்று. ஒரு நந்தாவிளக்கு எரிய நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்நெய்க்காக 96 ஆடுகளோ 48 பசுக்களோ 16 எருமைகளோ இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. எருமை ஒன்று பசு மூன்றுக்கும் ஆடு ஆறுக்கும் ஈடு என்னும் கணக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வகுக்கப்பட்டிருந்தது.

மூத்தவை சாகக் குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்புமாதலின், மந்தை குறையாது என்று கருதி அவ்வாடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். ஆடுகளுக்குச் சாவில்லை, மூப்பில்லை. மேய்ப்பவனின் கடமைக்கும் முடிவில்லை. மழை பொய்த்தாலும் நோய் வந்தாலும் உழக்கு நெய் அளந்தே ஆகவேண்டும். விளக்கின் ஒளியைப் போற்றும் நாம், அவ்வொளிக்குப் பின்னிருந்த இடையனின் உழைப்பையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெண்ணெய்ச் சாவடி

தமிழகத்தில் கோயில் செய்ததை மைசூரில் அரசே செய்தது. அவ்வரலாறு குண்டலுபேட்டையோடு நெருங்கிய தொடர்புடையது. மைசூர் மன்னர்களுள் சிறந்தவராகப் போற்றப்படும் சிக்கதேவராஜ உடையார், அரியணை ஏறுவதற்கு முன்னர் குண்டலுபேட்டையை அடுத்த ஹங்களா என்னும் சிற்றூரில் இருத்தி வைக்கப்பட்டிருந்தார். பின்னர் மன்னரானதும், தம் தந்தையின் நினைவாகக் குண்டலுபேட்டையில் பரவாசுதேவர் கோயிலை எழுப்பினார். விஜயபுரம் என்பது அவ்வூரின் பழம்பெயர்.

1704-இல் மறைந்த இம்மன்னர் காலத்தில்தான் 'பெண்ணெ சாவடி' என்னும் அரசுத் துறை உருப்பெற்றது. பெண்ணெ என்பது வெண்ணெய். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தர அரசே பசுமந்தைகளை வளர்த்தது. அவற்றுக்கென மேய்ச்சல் நிலங்களும் ஒதுக்கப்பட்டன. அடுத்த நூற்றாண்டில் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் இம்மந்தைகளின் காளைகளைப் பீரங்கி இழுக்கப் பயன்படுத்தினர். ஐதரின் படை சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் நூறு மைல் கடந்தது இக்காளைகளின் வலிமையால் என்று பழைய நூல்கள் கூறும். திப்பு இத்துறைக்கு 'அம்ருத மஹால்' எனப் பெயர் மாற்றிச் சட்டதிட்டங்களும் வகுத்தார். 1799-இல் அவர் வீழ்ந்த பின் மந்தைகள் ஆங்கிலேயர் கைக்குச் சென்றன. 1860-இல் சிக்கனம் கருதி அவற்றை விற்றுவிட்டனர். விற்றபின் வருந்திச் சில ஆண்டுகளில் மீண்டும் மந்தை சேர்த்தனர்.

இதில் ஒரு வியப்பு உண்டு. வெண்ணெயின் பெயரால் தொடங்கிய துறை, வெண்ணெயை விடக் காளையையே நாட்டுக்கு மிகுதியாகத் தந்தது. அம்ருத மஹாலும் அதற்கு மூலமான ஹள்ளிகார் இனமும் உழவுக்கும் வண்டிக்கும் ஓட்டத்துக்கும் பெயர் பெற்றவை; பால் சுரப்பதில் எளியவை. கன்று குடித்தது போக மிஞ்சியதே மனிதர்க்கு. குண்டலுபேட்டையிலிருந்து பார்த்தால் தெரியும் ஹிமவத் கோபாலசுவாமி மலைமேல், ஹொய்சளர் காலத்ததாகக் கூறப்படும் கோயிலில் ஆநிரை சூழக் குழலூதும் கண்ணன் நிற்கின்றான். ஆயர்குலத் தலைவனே காவல் தெய்வமாயினும், அம்மலையடிவாரத்து உழவர் வீட்டில் பால் என்பது குறைவாகவே இருந்தது. குறைந்த பொருளைப் பகிரும்போதுதான் அயலன்பின் அளவு தெரியும்.

மலைமேல் ஒரு பண்டமாற்று

குண்டலுபேட்டைச் சாலை பந்திப்பூர்க் காட்டைக் கடந்து கூடலூர் வழியாக உதகைக்கு ஏறுகின்றது. அந்நீலமலையில் பாலையே வாழ்வின் நடுநாயகமாக வைத்த மக்கள் தொதவர்கள். அவர்களுடைய எருமைப்பால் மனைகளே அவர்களுடைய கோயில்கள். பால் கறப்போரே பூசகர்கள். ஆங்கிலேய அறிஞர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட பெருநூல் அவ்வாழ்க்கையை விரிவாக எழுதிவைத்துள்ளது.

தொதவர் நிலத்தை உழவில்லை, மண்பாண்டம் வனையவுமில்லை. படகர் தானியம் தந்தனர். கோத்தர் பானையும் இரும்புக் கருவியும் தந்து, சடங்குகளில் இசையும் முழக்கினர். தொதவர் நெய்யும் பாற்பயனும் தந்தனர். இப்பண்டமாற்று, குடும்பத்துக்குக் குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. மூன்று மக்கள், மூன்று மொழிகள். ஆயினும் ஒருவர் அடுப்பு மற்றவர் கையை நம்பியே எரிந்தது. மொழி வேறுபட்டால் உறவு கூடாது என்போர் அம்மலையின் வரலாற்றை ஒருமுறை படித்தல் நன்று.

சாணம் விற்ற ஊர்

மலையிலிருந்து மீண்டும் ஹங்களாவுக்கு இறங்குவோம். சிக்கதேவராஜர் இளமையில் வாழ்ந்த அவ்வூரைப் பற்றி, காட்டுயிர் ஆய்வாளர் எம். டி. மதுசூதன் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவ்வூரார் பெருமந்தைகளை வளர்த்தது பாலுக்காக அன்று, சாணத்துக்காக! காப்பியின் விலை உலகச் சந்தையில் ஏறியபோது, காப்பித் தோட்டங்கள் சாண எருவை நல்ல விலைக்கு வாங்கின. தம் வயலுக்கு இட்டுவந்த எருவை ஊரார் வண்டியேற்றி அனுப்பினர், மாடுகள் பெருகின, அவை பந்திப்பூர்க் காட்டில் மேய்ந்தன. தொலைநாட்டில் ஒருவர் அருந்தும் காப்பிக்கும் குண்டலுபேட்டைக் காட்டின் புல்லுக்கும் இடையே இத்தகைய முடிச்சு இருக்கும் என்று யார் நினைத்தார்?

பந்திப்பூர் 1973-இல் புலிகள் காப்பகமாயிற்று. காட்டு மேய்ச்சல் சுருங்கியது. இதற்கிடையே நாட்டில் வெண்மைப் புரட்சி எழுந்தது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946-இல் தோன்றிய கூட்டுறவு முறையை வழிகாட்டியாகக் கொண்டு, 1970-இல் வர்கீஸ் குரியன் தலைமையில் பெருந்திட்டம் தொடங்கியது. கருநாடகத்தில் 1974-இல் உலக வங்கியின் உதவியோடு பால்வளர்ச்சிப் பணி தொடங்கி, 1984-இல் கருநாடகப் பால் கூட்டமைப்பாக வளர்ந்தது. அதன் வணிகப் பெயரே நந்தினி. தமிழகத்தில் ஆவின் செய்த பணியை இங்கு நந்தினி செய்தது.

காலையும் மாலையும் சங்கத்தில் பாலை ஊற்றினால், கொழுப்பின் அளவுக்கேற்ப விலை. இடைத்தரகனிடம் கையேந்த வேண்டியதில்லை. மழையை மட்டும் நம்பிச் சோளமும் கொள்ளும் நிலக்கடலையும் செண்டுமல்லியும் பயிரிடும் குண்டலுபேட்டை வட்டத்து எளிய உழவர்க்கு, வானம் பொய்த்த ஆண்டிலும் அடுப்பெரியச் செய்தது இப்பால்பணமே. ஆகையால், 'அந்தக் காலமே பொற்காலம். சங்கமும் பொட்டலமும் வந்தே பால் கெட்டது' என்று பெருமூச்சு விடுவது உண்மைக்குப் புறம்பானது. கோயிலும் அரண்மனையும் உழவர் பாலைக் கடமையாகக் கேட்டன. கூட்டுறவுச் சங்கமோ அதற்கு விலை கொடுத்தது.

முட்டையின் கதையும் இவ்வாறே. 1971-இல் வெங்கடேசுவரா குஞ்சுப் பொரிப்பகத்தை நிறுவிய பி. வி. ராவின் முயற்சியால், 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றியது. நம் நாமக்கல் முட்டை நகரமாயிற்று. வீட்டுக் கொல்லையில் மேயும் நாட்டுக்கோழி ஆண்டில் சில பத்து முட்டைகளே இடும். பண்ணைக்கோழியோ முந்நூறு இடும். ஏழைக் குழந்தையின் பள்ளித் தட்டில் முட்டை வந்தது இப்பெருக்கத்தால் அன்றோ! ஆயினும் நாட்டுக்கோழிக்கு வேறொரு பெருமை உண்டு. உலகக் கோழிகளின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் ஆய்வாளர் கண்டனர். பந்திப்பூரின் புதர்களில் இன்றும் கூவுவது அக்கோழியே.

மொழி கற்பித்த செம்பு

இனி எங்கள் கதைக்கு வருகின்றோம். குண்டலுபேட்டையில் வாடகை வீட்டில் நாங்கள் குடிபுகுந்த அன்று, அடுப்பில் வைக்கப் பொட்டலப் பால் வாங்கி வைத்திருந்தோம். பக்கத்துத் தோட்டத்து மூதாட்டி, தூக்குச் சட்டியில் கறந்த பாலோடு வந்து நின்றார். புதுமனையில் பால் பொங்கவிடும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு. "புது வீட்டில் பொங்குவது வீட்டுப் பாலாக இருக்கட்டும், தாயி" என்று எம் மனைவியிடம் கன்னடத்தில் சொன்னார். பொருள் பாதிதான் விளங்கியது. பொங்கிய பால் மீதியை விளக்கியது.

அன்று முதல் அவரை 'அஜ்ஜி' என்றே அழைத்தோம். அஜ்ஜி என்றால் பாட்டி. சங்கத்துக்கு ஊற்றப் போகும் முன், எங்களுக்கு ஒரு லிட்டர் அளந்துவிட்டுப் போவார். கோழி இட்டால் முட்டையும் வரும், இடாவிட்டால் வராது. முட்டை இல்லாத வாரங்களில், கோழி அடைகாக்கின்றது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். கடையில் எந்நாளும் முட்டை கிடைக்கும். கோழிக்கும் ஓய்வுண்டு என்பதை எம் குழந்தைகள் அங்கேதான் அறிந்தனர். முட்டையை நீரிலிட்டால் புதியது அடியில் படுக்கும், நாட்பட்டது மிதக்கும் என்பதையும் அவரே காட்டினார். நாளாக ஆக ஓட்டுக்குள் காற்றறை பெரிதாவதே அதற்குக் காரணம்.

எங்களுக்குக் கன்னடம் கற்பித்த ஆசிரியரும் அவரே. அவர் 'ஹாலு' என்றார். நாங்கள் பால் என்றோம். பழங்கன்னடத்தில் பகரமாக இருந்த ஒலியே பின்னர் ஹகரமாயிற்று என்று மொழிநூலார் கூறுவர். ஆகவே அஜ்ஜியின் முன்னோரும் ஒருகாலத்தில் பால் என்றே சொல்லியிருப்பர். முட்டை அவருக்கு மொட்டெ, கோழி கோளி, எருமை எம்மெ, வெண்ணெய் பெண்ணெ, கன்று கரு, குழந்தை மகு, நம் மகவு. தயிர் மட்டும் மொசரு என்று முகம் திருப்பிக்கொண்டது. நெய்யும் துப்ப என்று வேடமிட்டது. நூறு சொற்களைக் கற்கும் முன்னரே, இது அயல்மொழி அன்று, உடன்பிறந்தாள் மொழி என்பது எங்களுக்குப் புலப்பட்டுவிட்டது. தைத்திங்களில் நாம் மாட்டுப் பொங்கல் கொண்டாடும் வேளையில், அவர்கள் சங்கராந்தி மாலையில் மாடுகளை அலங்கரித்துத் தீயைத் தாண்டச் செய்கின்றனர். சடங்கு வேறு; நன்றி ஒன்றே.

பால்மானி காட்டிய பாடம்

இங்கு எங்கள் தவறு ஒன்றை மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். ஒரு மழைக்காலத்தில் பால் சற்று நீர்த்திருப்பதாக எங்களுக்குத் தோன்றியது. அலுவலகத்தில் கோப்பைப் பார்த்துப் பார்த்து ஐயப்படவே பழகிய மனம்! மைசூரிலிருந்து ஒரு பால்மானி வாங்கி வந்தோம். மறுநாள் காலை, கறந்த சூடு ஆறாத பாலை அஜ்ஜியின் கண்ணெதிரிலேயே குவளையில் ஊற்றி மானியை மிதக்கவிட்டோம். அது குறியீட்டுக்குக் கீழே தாழ்ந்து நின்றது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் முகம் சொல்லிவிட்டது.

அஜ்ஜி சினக்கவில்லை. "மாலையில் கொட்டிலுக்கு வாருங்கள், நீங்களே கறந்து கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாலையில் சென்றோம். எங்கள் கண்முன் மடியிலிருந்து இறங்கிய பாலிலும் மானி அவ்வாறே தாழ்ந்தது. வீட்டுக்கு வந்து அதே பாலை ஆறவைத்து மீண்டும் அளந்தோம். மானி உயர்ந்து சரியாக நின்றது. குறித்த வெப்பநிலைக்கென்றே செய்யப்பட்ட கருவி அது. வெதுவெதுப்பான பாலில் அடர்த்தி குறைவாதலின் குறைத்தே காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. அதைப் படிக்க அறியாமல் ஒரு முதியவரின் நேர்மையை நாங்களே ஐயுற்றோம். மறுநாள் மன்னிப்புக் கேட்டபோது, "எங்கள் ஊரிலும் தண்ணீர் கலப்பவர்கள் உண்டு, பார்த்து வாங்குவது தவறில்லை. ஆனால் முதலில் கேட்டிருக்கலாம்" என்றார். எத்துணைப் பொருள் செறிந்த சொல்! அண்டை வீட்டாரிடம் ஐயம் எழுந்தால் அளக்கும் முன் கேட்டல் வேண்டும். வினவ முகமில்லாத பொருளுக்கே முத்திரையும் சான்றிதழும் தேவைப்படுகின்றன.

காய்ச்சுதல் என்னும் அறிவு

கறந்த பால் என்றால் காய்ச்சாமல் குடிக்கலாம் என்னும் எண்ணம் இக்காலத்தில் சிலரிடம் பரவி வருகின்றது. இயற்கை என்ற பெயரால் அதை ஏற்றல் தகாது. 1887-இல் மால்டாத் தீவில் டேவிட் புரூஸ் என்னும் மருத்துவர், படைவீரர்களை வாட்டிய நீடித்த காய்ச்சலுக்குக் காரணமான கிருமியைக் கண்டார். அது எவ்வழியே பரவுகின்றது என்பது பல ஆண்டுகள் விளங்கவில்லை. 1905-இல் அத்தீவினரான தெமிஸ்டோக்ளிஸ் சம்மித் என்பவர், நலமாகத் தோன்றிய வெள்ளாடுகளிடமே அக்கிருமி இருப்பதைக் கண்டறிந்தார். பச்சைப் பாலை நிறுத்தியதும் படையில் காய்ச்சல் குறைந்தது. ஆடும் மாடும் நலமாகத் தோன்றுவது மட்டும் போதிய சான்றன்று. காசநோய்க் கிருமியும் பால்வழி வரக்கூடும்.

நுண்ணோக்கியை அறியாத காலத்திலேயே நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சியே குடித்தனர். அஜ்ஜியின் வீட்டிலும் அதே வழக்கம்தான். "கறந்ததைக் கன்று குடிக்கும், காய்ச்சியதை மகு குடிக்கும்" என்பார் அவர். அண்டை வீட்டாரை நம்புவது வேறு. கிருமியை நம்புவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே குடும்பத்துக்கு அழகு.

கதவடைத்த நாளில்

2016-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களை நம்மில் பலர் மறந்திரார். 5-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் காவிரி நீரைத் தமிழகத்துக்குத் திறக்க ஆணையிட்டது. 9-ஆம் நாள் கருநாடகம் முழுவதும் கதவடைப்பு. 12-ஆம் நாள் பெங்களூரில் வண்டிகள் எரிந்தன. தமிழகத்திலும் கருநாடகத்தவர் சிலர் தாக்கப்பட்டனர். எல்லை கடக்கும் பேருந்துகள் நின்றன. ஒருவர் தவற்றுக்கு மற்றவர் தவறு விடையாகாது. இரு பக்கத்து எளியவர்களே அஞ்சி நடுங்கினர்.

குண்டலுபேட்டையில் எங்களை யாரும் தொடவுமில்லை, கடிந்து பேசவுமில்லை. ஆயினும் அச்சம் என்பது கேட்டுக்கொண்டு வருவதன்று. கதவடைப்பு நாளுக்கு முந்திய இரவு நாங்கள் உறங்கவில்லை. வாசலில் தமிழில் பேச வேண்டா என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். அவ்வாறு சொல்ல நேர்ந்ததே நெஞ்சைச் சுட்டது. கடைகள் திறவா, பாலுக்கு என் செய்வது என்று எண்ணிக்கொண்டே கதவைத் தாழிட்டோம்.

விடியலில் வழக்கமான நேரத்தில் கதவு தட்டும் ஓசை கேட்டது. அஜ்ஜி நின்றிருந்தார். கையில் நாள்தோறும் வரும் சட்டி. கூடவே முந்தானையில் நான்கு முட்டை. "கடை இல்லை, மகு என்ன சாப்பிடும்?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காவிரியைப் பற்றி அவர் பேசவே இல்லை. அவருடைய நிலம் வானம் பார்த்த நிலம்; காவிரியின் ஒரு துளியும் அங்குப் பாய்வதில்லை. பாயாத ஆற்றுக்காக அவர் எங்களோடு சினந்திருந்தாலும் யார் தடுத்திருப்பார்? அன்று மாலையே எம் குழந்தைகள் வாசலில் அமர்ந்து பழையபடி தமிழில் பேசினர். 'வயிற்றில் பால் வார்த்தார்' என்னும் நம் வழக்குத்தொடரின் முழுப்பொருளை நாங்கள் உணர்ந்த நாள் அது.

எஞ்சும் கடன்

பின்னர்ப் பணிமாற்றம் வந்தது. கணக்குத் தீர்க்கச் சென்றோம். அஜ்ஜி எழுத்தறியாதவர், ஆயினும் சுவரில் கரியால் இட்ட கோடுகளில் எங்கள் நாட்கள் முழுவதும் இருந்தன. கோடுகளை எண்ணிப் பணம் கொடுத்தோம். கதவடைப்பு நாளுக்கு மட்டும் கோடு இல்லை. முட்டைக்கும் கணக்கு இல்லை. மறந்துவிட்டீர்களே என்றோம். "அது விற்றதல்ல" என்றார்.

மாதரி முதல் அஜ்ஜி வரை இவ்வரலாற்றில் மாறாமல் வருவது ஒன்றே. கோயிலும் அரசும் சந்தையும் பாலை அளக்கும் வழிகளைப் புதிது புதிதாகக் கண்டன. உழக்கு, சேர், லிட்டர், கொழுப்பு விழுக்காடு என்று அளவைகள் மாறின. அவை வேண்டியவையே; உழவர்க்கு உரிய விலை கிடைக்க அவை துணை செய்தன. ஆயினும் எந்த அளவையாலும் அளக்கப்படாத ஒரு பங்கு எப்போதும் செம்பின் அடியில் தங்கிவிடுகின்றது. புலம்பெயர்ந்த நாம் அப்பங்கினை உண்டே வேற்று மண்ணில் வேரூன்றினோம்.

இன்று நகரங்களில் வாழும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் பொட்டலப் பாலையே வாங்குகின்றன, அதில் குறையொன்றுமில்லை. ஆனால் நகரின் விளிம்பில், நடந்து செல்லும் தொலைவில், மாடு வளர்க்கும் வீடொன்று இருப்பின், வாரத்துக்கு ஒருமுறையேனும் குழந்தைகளோடு அங்குச் செல்வோம். உரிய விலை கொடுத்து ஒரு லிட்டர் பாலும் நான்கு முட்டையும் வாங்குவோம். பாலை நன்றாகக் காய்ச்சுவோம். அவர்கள் மொழியில் நான்கு சொல் கற்போம். நம் மொழியில் நான்கு சொல் தருவோம். நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அவ்வீட்டாரையும் அழைத்து முதல் வரிசையில் அமரச் செய்வோம். கோடிடாத அந்த ஒரு நாளின் கடனைத் தீர்க்க எங்களுக்குத் தெரிந்த வழி இதுவே.